எதிர்க்கடை நாற்காலி

அழுதுகொண்டே முடி வெட்ட வரும் பிள்ளைகளையெல்லாம் சிரிக்க வைத்து அனுப்புகிற சலூன்காரருக்கு, சொந்த மகள் மட்டும் தலையைக் கொடுக்க மாட்டேன் என்றாள். வயது ஐந்து. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். செல்லத்துக்கு வைத்த பெயரா, அக்கம்பக்கத்தாரை எச்சரிக்க வைத்ததா என்று இப்போது யாருக்கும் நினைவில்லை.

மாட்டேன் என்றதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எதிர்க்கடை ஒல்லி மாமாவிடம்தான் வெட்டிக்கொள்வேன் என்றாள். சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. பத்தொன்பது வருடமாகக் கத்தரி பிடிக்கிறவர் இவர். அந்த ஒல்லி கடை போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. போதாததற்கு இரண்டு கடையும் நேருக்கு நேர். இவர் கடைக் கண்ணாடியில் அவன் கடை முழுசாகத் தெரியும். யார் தலையில் சீப்பு வைத்தாலும் ஒரு கண் கண்ணாடியிலேயே இருக்கும். பள்ளி விட்டு வரும் மகள் இங்கே பையைப் போட்டுவிட்டு அங்கே ஓடுவதையும் அதில்தான் பார்ப்பார்.

"அவன்கிட்ட அப்படி என்னடி இருக்கு?"

"நல்லா வெட்டுவாரு."

"அப்ப நான்?"

"நீயும் நல்லாத்தான் வெட்டுவ" என்றாள், பெரிய மனசு பண்ணி.

முடி கண்ணை மறைக்கிறது, பிள்ளை கோடு தாண்டி எழுதுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். தையல் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வீம்பு. ஒல்லிகிட்டயே விட்டுத் தொலைங்களேன்."

"நான் உசுரோட இருக்கையில என் மக தலையில அவன் கத்தரி வைக்கிறதா?"

"முடியைத்தானே வெட்டப்போறான், கழுத்தையா?" என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் வாண்டு தானாகவே இறங்கி வந்தாள். "சரிப்பா, உன்கிட்டயே வெட்டிக்கிறேன். ஆனா பாதியில என்னை எழுந்துக்கச் சொன்னா நான் அங்க போயிருவேன். சத்தியம் பண்ணு."

"பூ, இவ்வளவுதானா!" சத்தியம் செய்தார்.

"நாளும் நான்தான் சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை, பத்து மணிக்கு."

ஞாயிறு பத்து மணி என்றால் சலூனில் நிற்க இடமிருக்காது. கத்தரி பிடித்த எவனுக்கும் அங்கேயே பொறி தட்டியிருக்கும். இவருக்குச் சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை.

ஞாயிறன்று நாற்காலிக் கைகளின்மேல் பலகை போட்டு மகளை உட்கார வைத்தார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டினார். "பாப்பாவுக்கு எந்த ஸ்டைலு?" என்று எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். ஒல்லி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுவும் ஓர் எரிச்சல்.

இடப்பக்கம் முடிந்தபோது பேங்க் மேனேஜர் உள்ளே வந்தார். பன்னிரண்டு வருட வாடிக்கை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரயிலுக்கு நேரமாச்சுப்பா. லேட்டாகும்னா எதிர்ல போய்க்கிறேன்."

எதிர்ல என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், வாய் தானாகத் திறந்துகொண்டது. "கண்ணு, ஒரே நிமிஷம் எழுந்துக்க. சார் உக்காரட்டும்."

வாண்டு அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. பலகையிலிருந்து சறுக்கி இறங்கினாள். தலையில் ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. கழுத்துத் துணியோடு வாசலில் நின்று, இரண்டு பக்கமும் வண்டி பார்த்து, தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சத்தியம் பண்ணியவர் எந்த வாயால் கூப்பிடுவார்?

கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. வாண்டு பெஞ்சில் காத்திருந்தாள். அவள் முறை வந்ததும் ஒல்லி பலகையை எடுத்துப் போட்டான். அவசரமாக நுழைந்த ஒரு பெரிய மனிதருக்குப் பெஞ்சைக் கை காட்டினான்.

"காது, காது!" என்று அலறினார் மேனேஜர்.

மகள் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. சலூன்காரர் அவள் மோவாயைப் பிடித்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு மயிரிழை பிசகியிருந்தால் போதும், அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். பிசகவில்லை. இவர் வெட்டிய பக்கத்தோடு அவன் வெட்டிய பக்கம் அச்சாகப் பொருந்தியிருந்தது. மோவாயை வெடுக்கென்று விட்டார்.

"இப்ப திருப்திதானே உனக்கு?"

"அந்தக் கடையில நான் எத்தனை தடவை எழுந்திருச்சேன் தெரியுமா? ஒரு தடவைகூட இல்ல."

"இங்க?"

"முன்னாடி ஸ்கூல் விட்டு வந்து உன்கிட்ட கதை சொல்ல இந்த நாற்காலியில உக்காருவேன்ல, அப்பல்லாம் எண்ணிப் பார்த்தேன்பா. எனக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்."

அவர் நாற்காலியைத் துண்டால் தட்டினார். "ஏறி உக்காரு கண்ணு, இப்பச் சொல்லு" என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் பெஞ்சிலிருந்து ஒருவர், "அடுத்தது நான்தாங்க" என்று எழுந்தார்.

யாரும் சொல்லாமலே வாண்டு ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள்.