பல்லுக்கு முளைத்த கால்

அலுவலகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். பிறர் எழுதிய நிரலில் ஒரு கமா விட்டுப்போயிருந்தால், தோளுக்குப் பின்னால் நடந்து போகிற போக்கிலேயே கண்டுபிடித்துவிடுவாள். பத்தொன்பது வருடமாக மென்பொருள் எழுதுகிறவள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

மருத்துவமனைகளில் முன்பதிவு செய்யும் மென்பொருள் அவர்கள் குழுவின் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை தங்கையிடமிருந்து போன் வந்தது. தங்கைக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை. புதிதாக வந்த திரையில் ‘பால் மருத்துவர்’ என்று இருக்கிறதாம். வருகிறவர்கள் அரை லிட்டரா ஒரு லிட்டரா என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம்.

பல்லுக்கு ஒரு கால் கூடுதலாக முளைத்திருந்தது, அவ்வளவுதான். கமா அக்கா அரை நிமிடத்தில் அதை நீக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

முதலில் அந்தக் காலுக்கு ஒரு டிக்கெட், அதாவது திருத்தக் கோரிக்கை, போட வேண்டியிருந்தது. வேலையின் கடினத்துக்கு எத்தனை புள்ளி என்று ஐந்து பேர் கூடி வாக்களித்தார்கள். எட்டு என்றவர் தன் பக்க நியாயத்தை முக்கால் மணி நேரம் எடுத்துச் சொன்னார். பிறகு எழுநூறு தானியங்கிச் சோதனைகள் ஓடின. ‘பால்’ என்ற சொல்லைக் காணவில்லை என்று அதில் ஒன்று தோற்றுப்போனது. அந்தச் சோதனையைத் திருத்த இன்னொரு டிக்கெட். டிக்கெட்டுகளைப் பார்க்க ஒரு பலகை, பலகையைக் கவனிக்க ஒரு செயலி, செயலி சொன்னதை ஞாபகப்படுத்த நாளுக்கு அறுபது மின்னஞ்சல். அந்த மின்னஞ்சல்கள் தன் கண்ணில் படாமல் தானாக ஒரு மூலைக்குப் போகும்படி கமா அக்கா எப்போதோ ஏற்பாடு செய்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் தங்கை மறுபடி கூப்பிட்டாள்.

“இங்க வேரோட பல்லப் பிடுங்கவே அரை மணி நேரம்தான் ஆகுது. நீ ஒரு கால எடுக்க ஒன்பது நாளாக்கா?”

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே மேலாளரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். ‘செயல்முறை’ என்ற சொல்லை மட்டும் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற வாஞ்சையோடு சொல்வார். பலகையில் தேடிப் பார்த்தார். மொழித் தரக் குழுவின் ஒப்புதலுக்காக டிக்கெட் ஆறு நாளாகக் காத்துக் கிடந்தது.

“யாரு சார் அந்தக் குழுவுல? இத்தன நாளா என்னதான் பண்றாங்க?”

மேலாளர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “நீங்கதாம்மா. நீங்க மட்டும்தான்.”

இரண்டு வருடத்துக்கு முன் அவளையும் வேறு இருவரையும் நியமித்திருந்தார்கள். அந்த இருவரும் வேலையை விட்டே போய்விட்டார்கள். காது சூடாக, அவள் மின்னஞ்சல்கள் ஒதுங்கிக் கிடந்த அந்த மூலையைத் திறந்தாள். அவளுடைய கோரிக்கைக்கு அவளுடைய ஒப்புதலைக் கேட்டுப் பதினெட்டு நினைவூட்டல்கள் வந்திருந்தன. ஒப்புதலை அழுத்தினாள். மாற்றம் செய்தவரே ஒப்புதல் தரக் கூடாது என்றது கணினி.

குழுவையே கலைத்துவிடலாமா என்று கேட்டாள். கலைக்கலாம், ஆனால் உறுப்பினர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும் என்றார் மேலாளர். கமா அக்கா அங்கேயே தீர்மானம் எழுதி, வாக்கெடுப்பு நடத்தி, எதிர்ப்பின்றி நிறைவேற்றினாள். அனைவரும் வந்திருந்தனர் என்று மேலாளர் குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று மணிக்குப் பல் பல்லானது.

அதோடு அவள் விடவில்லை. மற்றக் குழுக்களின் பட்டியலையும் கேட்டு வாங்கினாள். இன்னும் மூன்றில் அவள் பெயர் மட்டும் இருந்தது. இரண்டை அன்றைக்கே கலைத்தாள். மூன்றாவது, தேவையற்ற குழுக்களைக் கண்டறியும் குழு. தொடங்கிய நாளிலிருந்து அது ஒருமுறைகூடக் கூடியதில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டாள்.