ஜேக்கப் மேஸ்திரி செட்டு

பீம்ராவ் ரீச் ஸ்டேக்கர் ஓட்டியவர். கன்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற வண்டி. திருவொற்றியூரில் அவர் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டை இழுத்து மூடினார்கள். மனைவி ரமாபாய் இறந்ததிலிருந்து வியாசர்பாடி வீட்டில் அவர் ஒண்டி. யார்டு இருந்தவரை அது உறைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். இப்போது பேச ஆளில்லாமல் டிவியோடு சண்டை போட்டார். சம்பளத்தைவிட, மறுபடி நாலு பேரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

எண்ணூரில் புது யார்டுக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். காவலாளி வாசலிலேயே மறித்துவிட்டான். "வெப்சைட்ல போடு நைனா, இங்க ஒண்ணும் வாங்கறதில்ல." ஓட்டிக் காட்டுகிறேன் என்று வந்து நிற்கிற மனிதனைப் போனைப் பார் என்று விரட்டுகிற காலம் இது.

போட்டார். அனுபவம் என்ற சின்னக் கட்டத்தில், துறைமுகத்து ஆட்கள் எப்போதும் சொல்வதைத்தான் எழுதினார்: "ஜேக்கப் மேஸ்திரி செட்டு, பதினெட்டு வருஷம்." கூடவே மேஸ்திரியின் நம்பர். செட்டு என்றால் ஒரு மேஸ்திரியின் கீழ் வேலை செய்கிற கூட்டம்; யாருடைய செட்டு என்று தெரிந்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. வண்டியின் பெயரை எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. டீ ஆறுவதற்குள் பதில் வந்தது: தகுதி பொருந்தவில்லை. மறுபடி போட்டார். மறுபடி அதே.

கல்மண்டபத்தில் மேஸ்திரியைப் பார்க்கப் போனார். பக்கவாதத்தில் படுத்திருந்த ஜேக்கப் தலைமாட்டிலேயே போனை வைத்திருந்தார்.

"சார்ஜு போட்டுகினேதான் கீறேன். எவனும் உன்ன பத்தி கேக்கலியே. கேட்டா சொல்லமாட்டனா நானு?"

பிரவுசிங் சென்டர் நடத்துகிற ஆன்சிதான் விஷயத்தை உடைத்தாள். "இத மனுசன் படிக்கறதில்லண்ணா, மிஷினு. வெளம்பரத்துல கீற வார்த்த இதுலயும் கீதான்னு பாக்கும். இல்லாங்காட்டி தூக்கிப் போட்டுடும்."

"மேஸ்திரி பேரு ஓரமா இருக்கட்டுமேம்மா."

"எடம் பத்தாதுண்ணா."

அவள் அதை அழித்துவிட்டு விளம்பரத்தில் இருந்த வார்த்தைகளை வரிசையாக அடித்தாள். அந்த வாரமே கூப்பிட்டார்கள், ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

புது யார்டில் அவரவர் வண்டியிலேயே உட்கார்ந்து அவரவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள், காதில் இயர்போனோடு. நீ யாருடைய செட்டு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யாராவது கேட்பார்கள் என்று பீம்ராவ் முதல் வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மேஸ்திரியிடம் போய், வேலை கிடைத்ததைச் சொன்னார்.

ஜேக்கபின் முகம் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "பாத்தியா? எனக்குப் போன்கூட போடல. என் பேரப் பாத்தானுங்க, எட்துகினானுங்க."

"ஆமா மேஸ்திரி."

பதினெட்டு வருஷத்தில் அவரிடம் பீம்ராவ் எதையும் மறைத்ததில்லை. இதைச் சொல்லி அழ அவருக்கு வேறு ஆளும் இல்லை. பழத்தை உரித்துச் சுளை சுளையாக மேஸ்திரியின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.