சோதனைக்கு வராத பாடம்

இன்று பண்டாரவளையில் பூனாகலை பஸ் ஏறினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என் பழைய மாணவி. இப்போது சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

"டீச்சர், உலகத்துக்கு ஆறாயிரம் வயசுதான். பாறையில கெடைக்கிற உயிர்ச்சுவடெல்லாம் நோவா காலத்து வெள்ளத்துல பொதஞ்சதுதானே?"

"ஒரே வெள்ளம்னா எல்லாம் கலந்துல்ல கெடக்கணும்? டைனோசர் கெடைக்கிற பாறை அடுக்குல மனுச எலும்பு ஒன்னுகூட கெடைக்கலையேம்மா," என்றேன்.

என் பக்கம் திரும்பினாள்.

"இத ஏன் டீச்சர் கிளாஸ்ல சொல்லல? சோதனைக்கு வராதுன்னு பரிணாமப் பாடத்த விட்டுட்டீங்களே."

வராது என்றது பொய். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துதான் விட்டேன். அதை இன்றும் சொல்ல வாய் வரவில்லை. இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு பஸ் ஹோல்ட் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அவள் நேரிலேயே கேட்டுவிட்டாள். என்னிடம் படித்த மற்றவர்கள், நான் வேறு எதையெல்லாம் விட்டேன் என்று கீழே கமெண்டில் எழுதுங்கள்.