தனக்கொடி கண்டுபிடித்த தீர்ப்பு

தனக்கொடிக்கு வயிறு எரிந்தது. இன்று நேற்றல்ல, நஸ்லின் ஜூனியராக வந்து சேர்ந்த நாளிலிருந்து எரிகிறது.

புதுச்சேரியில் வக்கீல் ஹிதாயத்துல்லாவிடம் இருபத்துமூன்று வருடக் குமாஸ்தா அவள். ரெட்டியார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். எந்தத் தீர்ப்பு எந்தப் புத்தகத்தில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாள். பிரெஞ்சுக் காலத்து நோட்டரியான நொத்தேர் எழுதின பத்திரத்தில் எல்லை எந்த வரியில் இருக்கிறதென்று விரல் வைத்துக் காட்டுவாள். "தனக்கொடி இருக்கசொல்ல எனக்கு எதுக்குய்யா ஞாபகசக்தி?" என்று சார் மற்ற வக்கீல்களிடம் சொல்வார். அந்த ஒரு பேச்சுக்காகவே வேறு ஆபீசுகள் கூப்பிட்டும் அவள் போகவில்லை.

இப்போது சார் வாயைத் திறந்தால் நஸ்லின்தான். ஆன்லைன் தீர்ப்புத் தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டி, ஆபீசுக்கே ஒரு லாகின் வாங்கியிருந்தார்கள். அந்தப் பெண் நாலு வார்த்தை தட்டினால் தீர்ப்பு வந்து நிற்கும். தனக்கொடியும் ஒருநாள் தட்டிப் பார்த்தாள். மனு அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? வைத்திக்குப்பத்து மீன்காரி மணியம்மாளின் வீட்டுக்குப் போகும் வழியைப் பக்கத்து வீட்டுக்காரன் அடைத்த கதையை, விதவை என்பது வரை விடாமல், இங்கிலீஷில் ஒரு பத்தி அடித்தாள். நாற்பதாயிரம் தீர்ப்பு வந்து கொட்டியது. ஒன்றும் உருப்படியில்லை.

நஸ்லின் சிரித்துவிட்டாள். "பிராது மாதிரி எழுதக் கூடாதுக்கா. ஜட்ஜு தீர்ப்புல என்ன வார்த்த எழுதுவாரோ அத மட்டும் போடுங்க. சேந்தாப்புல வர்றத மேற்கோள் குறிக்குள்ள வைங்க. அப்புறம் கோர்ட்டு, வருஷம்னு சலிச்சிக்கினே வாங்க."

நல்லதுக்குத்தான் சொன்னாள். தனக்கொடியின் காதில் நின்றது அந்தச் சிரிப்புதான். பாடத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மணியம்மாள் வழக்குக்கு நஸ்லின் ஓர் ஐகோர்ட் தீர்ப்பைப் பிடித்துக் கொடுத்தாள். சார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அது திங்கட்கிழமை. எல்லோரும் சாப்பிடப் போனதும் தனக்கொடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதே தீர்ப்பைத் திறந்தாள். அதைப் பற்றிப் பின்னால் பேசிய தீர்ப்புகளின் பட்டியல் ஓரத்தில் இருந்தது. அதில் மூன்றாவதாக இருந்தது ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. நஸ்லினின் தீர்ப்பை அடியோடு ரத்து செய்திருந்தது.

தனக்கொடிக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. சத்தமில்லாமல் மூடி வைத்தாள். வெள்ளிக்கிழமை வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து இதைப் படிக்கட்டும், அந்தச் சிரிப்பு எங்கே போகிறதென்று பார்ப்போம். மணியம்மாளின் வழி என்ன ஆகும் என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்ததை அதட்டி உட்கார வைத்தாள்.

புதன்கிழமை மணியம்மாளே வந்து நின்றாள். "ஜெயிச்சிடும்ல தனக்கொடி? கூடையத் தூக்கிக்கினு ஊர சுத்தி வர்றேன், இடுப்பு போவுது."

"சார் பாத்துப்பாரு," என்றாள் தனக்கொடி, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

வியாழக்கிழமை மாலை சார் அறைக்குள் கூப்பிட்டார். நஸ்லின் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் புடிச்ச தீர்ப்பு செல்லாதுக்கா! நாளைக்கு மானம் போயிருக்கும். இந்த லாகின்ல யார் எதத் தெறந்தாலும் பட்டியலா நிக்கும். அதுல நானும் சாரும் தெறக்காத சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருந்துது, நீங்கதான் தெறந்திருக்கணும். அதப் பாத்துதான் தப்பிச்சேன். வேற நல்ல தீர்ப்பும் புடிச்சிட்டேன். அக்காதான் கண்டுபுடிச்சாங்கன்னு சார்கிட்ட சொல்லிட்டேன்."

எத்தனை மாதமாக ஏங்கிய பெயர் அது! தனக்கொடி சாரைப் பார்த்தாள்.

சார் சிரிக்கவில்லை. ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "திங்கக்கெழம ஒன்னே முக்காலுக்குத் தெறந்திருக்க. இன்னிக்கி வியாழன், தனக்கொடி."