அணச்சுப்போட்டமுங்க

சத்தியமங்கலத்துக்கு மேலே, மின்வாரியக் கம்பி எட்டாத எங்கள் மலையூருக்குப் பாவாத்தாள்தான் மின்வாரியம். சோலார் பலகையும் பேட்டரி அறையும் வந்த நாளிலிருந்து சாவி அவள் முந்தானையில். ஊருக்கே அளந்த கரண்ட். மழைக்காலத்தில் விளக்கு தவிர எதையும் போடக்கூடாது என்பது அவள் சட்டம். எங்காவது மிக்ஸி ஓடினால் சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் நின்று வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். அப்போதும் ‘ங்க’வை மட்டும் விடமாட்டாள்.

போன ஐப்பசியில், மழை கொட்டிய ஒரு சாயங்காலம் அங்கப்பனுக்கு இழுப்பு வந்துவிட்டது. மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மெஷினை அவர் மூக்கில் வைத்த கொஞ்ச நேரத்தில் ஊரே இருண்டது. மண் சரிந்து கிடந்ததால் ஜீப்பும் வராது. அவர் மனைவி ரங்கம்மாள் பேட்டரி அறைக்கு ஓடிவந்தாள்.

“அம்மணி, அவருக்கு மூச்சே உட முடியலீங்க. எப்படியாச்சும் கரண்ட் குடுங்க.”

பாவாத்தாள் சுவிட்சைத் தூக்கினாள். டப்பென்று விழுந்தது. எவர் வீட்டிலோ பெரிய மெஷின் இழுக்கிறது. மழையில் தெருவுக்கு ஓடினாள்.

“ஏனுங்க, எல்லாத்தையும் அணச்சுப்போடுங்க!”

“அணச்சுப்போட்டமுங்க!” வீட்டுக்கு வீடு மரியாதையாகப் பதில் வந்தது.

மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது. அவள் வெறி பிடித்தவளாக வீடு வீடாக நுழைந்து கண்ணில் பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கினாள். பிரவின்குமார் வீட்டுச் சுடுதண்ணீர் ஹீட்டரைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். பாவம், அது மாட்டப்படவே இல்லை. அதற்குள் அங்கப்பனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“அக்கா, உங்க ஊட்டப் பாத்தீங்களா?” என்றான் பிரவின்குமார்.

பாவாத்தாள் நின்றாள். அப்புறம் தன் வீட்டுக்கு ஓடினாள்.

கிரைண்டரில் இட்லி மாவு பாதி அரைந்து கிடந்தது. மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று போட்டுவிட்டு வந்தவள், கரண்ட் போன பதற்றத்தில் மறந்தே போயிருந்தாள். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி அறைக்கு ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கினாள்.

விளக்குகள் எரிந்தன. மெஷின் உறுமியது. அங்கப்பனின் நெஞ்சு மெல்ல இறங்கி ஏறியது. எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது.

மூச்சு நிதானத்துக்கு வந்ததும், கட்டிலருகே வந்து நின்ற பாவாத்தாளிடம் அவர் கேட்டார்: “எந்த ஊட்டுலீங்க?”

ஊருக்கே கேட்கும் குரல் அவளுடையது. அன்று பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“என்ற ஊட்டுலதானுங்க.”

சாவியை அவிழ்த்துக் கட்டில்மேல் வைத்தாள். ரங்கம்மாள் வேண்டாம் என்று சொல்வாள் என நினைத்தேன். எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“வெயில் வந்ததும் சொல்றனுங்க, அம்மணி. மீதி மாவ ஆட்டிக்குங்க.”