மரத்த காலும் மரக்காலும்

ஐந்தருவியில் முதலில் என் கண்ணில் பட்டது ரத்தம்தான். சாரல் நேரம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாய் நின்று குளித்துக்கொண்டிருந்தேன். காலடியில் ஓடுகிற தண்ணீர் சிவந்தது. "யாருக்குவே அடிபட்டிருக்கு? பாத்துக் குளிக்கக் கூடாதா?" என்று பெரிய மனுசன் தோரணையில் சத்தம் போட்டேன். பக்கத்தில் நின்றவர் என் இடது காலைக் காட்டினார். உடைந்த எண்ணெய்ச் சீசாவின் சில்லு ஒன்று உள்ளங்காலில் ஆழமாய் ஏறியிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அது என் ரத்தம் என்று அடுத்தவன் காட்டித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. செங்கோட்டை, திருவிதாங்கூரை விட்டு நம்ம பக்கம் சேர்ந்து ஒன்றிரண்டு வருசம் ஆகியிருக்கும். தென்காசியில் எனக்கு மரக்கடை. படிப்பு மூணாம் வகுப்போடு சரி. எழுத்துகூடத் தடிகளில் தார் வைத்து அடையாளம் போட்டுப் போட்டுத் திருந்தியதுதான். ஆனால் ஒரு தேக்குத் தடியைக் கையால் தட்டிப் பார்த்து, உள்ளே பொந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்ல இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்தவன், சொந்த லாரி விட்டேன். ஒருத்தர் தயவும் கிடையாது. பெருமை பேசுகிறான் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும்; நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

காயத்துக்கு மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொண்டு திரிந்தேன். வலி இல்லையே, பிறகென்ன என்று இருந்துவிட்டேன். பத்து நாளில் பெருவிரல் கறுத்தது. வாடை வந்தது. என் வீட்டில் உள்ளவள், பேச்சியம்மாள், மூக்கைப் பொத்தவில்லை. அதிலிருந்தே விசயம் பெரிசு என்று எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மூத்திரத்தை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது. நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை கூடிப் போகிற வியாதி) என்றார். பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து என் முட்டில் தட்டினார், நான் தடியைத் தட்டுவதைப் போலவே. ஊசி முனையால் பாதத்தில் குத்தினார். "தெரியுதா?" என்றார். அவர் குத்துவதைக் கண்ணால் பார்த்தேன்; காலால் தெரியவில்லை.

"நரம்பு மரத்துப் போயிருக்கு" என்றார்.

மரத்துப் போவது என்றால் மரமாகப் போவது. நாற்பது வருசம் மரத்தோடு புழங்கினவன், ஊரார் தடியை எல்லாம் தட்டிப் பார்த்தவன், என் காலை ஒரு நாள் தட்டிப் பார்க்கவில்லை. இதே வியாதி உள்ளவர்களுக்கு நான் சொல்லுவது இது ஒன்றுதான்: தினம் ஒரு தடவை உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டு ஆள்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி இல்லை என்பதை நம்பாதீர்கள்.

காங்கிரீன் (சதை செத்து அழுகிக்கொண்டே மேலே ஏறுவது) பாதத்தைத் தாண்டிவிட்டது. டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"முழங்காலுக்குக் கீழே எடுத்திரணும். ரெண்டு நாள் போனா முழங்காலுக்கு மேலே. அதுக்கும் பிந்தினா எடுக்கிறதுக்கு நான் தேவைப்பட மாட்டேன். கால் வேணுமா, நீங்க வேணுமான்னு யோசிச்சுச் சொல்லுங்க."

"காலும் நாந்தான டாக்டர்?"

"சரி. அப்போ கொஞ்சம் குறைஞ்ச நீங்க."

ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் செல்லையா உபதேசியார் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிறவர். என் கடைக்குப் பின்தெருவில் வீடு. இருபது வருசமாகச் சாயங்காலம் ஆனால் என் தேக்குத் தடிமேல் வந்து உட்காருவார். நான் சாமி கிடையாது என்பேன், அவர் உண்டு என்பார். "கண்ணுல காட்டும், கையில குடும், நம்புதேன்" என்பது என் கட்சி. அவர் பொய் சொல்ல மாட்டார் என்பதற்குக் கடைத்தெருவே சாட்சி. கத்தரிக்காய் நன்றாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்டால், "வெளிய நல்லாருக்கு. உள்ள புழு இருக்கான்னு தெரியாது" என்று சொல்லி வியாபாரியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

"என்ன வே, காலைக் குடுக்க மாட்டேங்கீராம்?" என்றார்.

"இன்னைக்குக் கால்ம்பான். நாளைக்குத் தொடைம்பான். எதுவரைக்கும் வெட்டினா நான் நானா இருப்பேன்?"

"நகத்தை வெட்டுதீரு. முடியை வெட்டுதீரு. அதெல்லாம் நீரு இல்லையா?"

"அது வளரும் வே. காலு வளருமா?"

"அப்ப வளராததுதான் நீரா? ஒம்ம பல்லு ரெண்டு போச்சே, ஒம்மள்ல எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

நான் மரத்தை வைத்துச் சொன்னேன். "கிளையை வெட்டினா அது மரந்தான். தூரோட அறுத்துச் சாச்சா அதுக்குப் பேரு தடி. நேத்து வரைக்கும் மரம், இன்னைக்குத் தடி. எந்த வெட்டுல வே அது பேரு மாறுது? அது தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

உபதேசியாரை மடக்கிவிட்ட சந்தோசம், அந்தக் காய்ச்சலிலும், எனக்கு இருந்தது.

தரையில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கதுக்குள்ள அது இடுப்புக்கு ஏறிரும். எனக்கு மரம் வேண்டாம், தடி போதும். அந்தச் சீட்டை இங்கன கொண்டாங்க."

கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் தெளிந்தபோது போர்வை இடது பக்கம் தட்டையாக இருந்தது. வெட்டின காலை வீட்டு ஆள்களிடம் கொடுத்துவிட்டார்கள். எரிப்பதா புதைப்பதா என்று வெளியே சின்ன விவாதமே நடந்திருக்கிறது. ஆளே உயிரோடு இருக்கும்போது கொள்ளி வைக்கக் கூடாது என்று என் மச்சினன் மாடசாமி, அதைச் சோப்புக்கட்டி வந்த ஒரு சவுக்காரப் பெட்டியில் வைத்து, குத்துக்கல்வலசையில் உள்ள எங்கள் தோட்டத்தில் புதைத்தான்.

ஆறாம் நாள் மத்தியானம், இல்லாத பாதம் அரித்தது. கையை நீட்டிச் சொறியப் போனேன். விரிப்புதான் கையில் வந்தது. சாயங்காலத்துக்குள் ஐந்து விரலும் உள்நோக்கி மடங்கி ஒன்றையொன்று நெரித்தன. இருந்த காலத்தில் சீசாச் சில்லு ஏறியும் வாய் திறக்காத கால், போன பிறகு என்னைக் கத்த வைத்தது.

டாக்டர் இதற்கு இல்லாத உறுப்பின் வலி (நரம்பு அறுந்த பிறகும் மூளைக்குப் போகிற தப்பான சேதி) என்று பேர் சொன்னார். "செங்கோட்டையை வெட்டி இந்தப் பக்கம் சேர்த்தாச்சு. ஆனா இன்னும் சில பேர் பழைய வழக்கத்துல திருவனந்தபுரத்துக்கே மனு எழுதறாங்க இல்லையா? உங்க நரம்பும் அப்படித்தான். போகப் போக நிறுத்திரும்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. வலி நிற்கவில்லை.

உபதேசியார் விடுவாரா? கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"இருபது வருசமா 'கண்ணுல காட்டு, கையில குடு'ன்னு ஆண்டவரைக் கேட்டீரு. இப்ப ஒம்ம காலை எனக்குக் கண்ணுல காட்டும்."

"வலிக்கு வே!"

"எங்கன வலிக்கு? அங்கன ஒண்ணுமே இல்லையே."

"இல்லைதான். ஆனா இருக்கு. எனக்குத் தெரியுது, ஒமக்குக் காட்ட முடியலை. அவ்வளவுதான்."

"எனக்கும் அவ்வளவுதான் வே" என்றார்.

பேச்சை மாற்ற, பேச்சியம்மாளிடம் தண்ணீர் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தும் வலி தீரவில்லை. இன்சுலின் (சர்க்கரையை அடக்குகிற ஊசி மருந்து) நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்துப் பேச்சியம்மாளே போடப் பழகிவிட்டாள். புண் ஆறியது. விரல்கள் மட்டும் மடங்கியபடி. சோறு இறங்கவில்லை, நாளுக்கு நாள் மெலிந்தேன். இப்படிப் போனால் வெட்டிப் பிழைத்தது வீண் என்று டாக்டரே சொன்னார்.

ஒரு நாள் மாடசாமியிடம் கேட்டேன். "ஏலே, அந்தப் பெட்டி எவ்வளவு நீளம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் குட்டைதான் அத்தான். அமுக்கித்தான் மூடி போட்டேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அமுக்கியதில் விரல் மடங்கியிருக்கிறது. அதுதான் இங்கே வலிக்கிறது. தோண்டி நீட்டி வை என்றேன். "பொதைச்சதைத் தோண்டினா குடும்பத்துக்கு ஆகாது அத்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டு ஓடிவிட்டான். சாமியும் கிடையாது பூதமும் கிடையாது என்று கடையில் உட்கார்ந்து பேசின நானா இப்படிக் கேட்டேன் என்று உங்களுக்குத் தோன்றும். வலி வந்து பாருங்கள், தெரியும்.

உபதேசியாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவரே குத்துக்கல்வலசைக்குப் போனார். உச்சிப்பொழுதில் முழங்கால்வரை செம்மண்ணோடு வந்து வாசலில் நின்றார்.

"மடங்கித்தான் இருந்துதா வே?" என்று கேட்டேன்.

"ஆமா. மடங்கித்தான் இருந்துது. நீட்டி, கீழ வைக்கோலு குடுத்து வச்சிட்டேன்."

அவர் சொல்லி முடிக்கவும் என் பெருவிரல் விரிந்தது. பிறகு ஒவ்வொன்றாய் மற்ற விரல்கள். அன்றைக்கு ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு எழுந்துவிட்டேன். பொய்க்காலை எங்கிருந்தோ வரவழைக்கலாம் என்றார்கள். மரம் விற்கிறவனுக்கு அடுத்தவன் மரமா? நுகத்தடிக்கு ஆகிற மஞ்சணத்தியில், கனமில்லாத, வெடிக்காத துண்டாய் நானே தட்டிப் பார்த்து எடுத்தேன். என் ஆசாரி நாலு தடவை செதுக்கி, தோல்வார் வைத்துக் கொடுத்தார். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது உபதேசியார், "மரக்கால் வருது, நெல்லு அளக்கிறவங்கள்லாம் வாங்க!" என்று கூப்பாடு போட்டார். தெருவே சிரித்தது. நானும் நடையை நிறுத்தவில்லை. இருந்தபோது மரமாக இருந்த கால், மரமான பிறகு உணர்ச்சியோடு இருந்தது.

ஏழெட்டு வருசம் அப்படிப் போனது. பிறகு உபதேசியார் படுத்தார். வயிற்றில் புற்று (உள்ளே வளர்ந்து பரவுகிற கட்டி). தினம் காலையில் போய் உட்காருவேன். ஒரு நாள் வீட்டு ஆள்களை வெளியே போகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ஒம்மட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன் வே. ஒம்ம காலு மடங்கி இல்லை. பெட்டியைத் தெறந்து பாத்தேன். அஞ்சு விரலும் வரிசையா நேராத்தான் கெடந்துது."

"பெறவு எதுக்கு வே அப்படிச் சொன்னீரு?"

"நீரு கத்துதது எங்க வீடு வரைக்கும் கேட்டுதுலா."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பொய் சொன்னதுக்காகப் பயப்படலை. அதுக்கு மன்னிப்பு கேட்டாச்சு. எனக்கு வேற ஒரு பயம். நான் ஒமக்குச் சொன்ன மாதிரி எனக்கும் யாரோ சொல்லிட்டாங்களோ? 'எல்லாத்தையும் நேராக்கி வச்சாச்சு, நிம்மதியா இரு'ன்னு. நானும் நம்பி நல்லாத்தான் இருந்துட்டேன். இப்ப போகப் போற நேரத்துல, குழியில ஒண்ணுமே நடக்கலைன்னு தெரிஞ்சா, அந்த நிம்மதி நிக்குமா?"

இருபத்தேழு, இருபத்தெட்டு வருச வழக்கு அது. ஒரு சொல் சொன்னால் நான் ஜெயித்துவிடலாம். எந்தப் பேச்சிலும் தோற்றுப் பழக்கமில்லாதவன் நான்.

"கொஞ்சம் இரும்" என்றேன். கண்ணை மூடி, இல்லாத காலின் விரல்களை ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தேன். அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் முன்னால் நான் அப்படிக் காத்திருந்தது ஞாபகம் வந்தது.

"நேராத்தான் இருக்கு வே" என்றேன். "பொய்னு தெரிஞ்ச பெறவும் நேராத்தான் நிக்கு."

"நெசமாவா?"

"ஒம்மட்ட எதுக்குப் பொய் சொல்லுதேன்?"

பிடித்திருந்த கை தளர்ந்தது. பயம் முகத்தை விட்டு இறங்குவதைப் பார்த்தேன். மூணாம் நாள் அவர் போய்விட்டார்.

நான் கண்ணை மூடிப் பார்த்தபோது நாலு விரல் நேராக இருந்தது. சுண்டுவிரல் மட்டும் மெதுவாக உள்ளே மடங்கியது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அது இன்றைக்கும் மடங்கித்தான் இருக்கிறது. வலி பெரிசாக இல்லை. பழகிவிட்டது.

போன சாரலுக்கு ஐந்தருவிக்குப் போனேன். கூட்டத்துக்குள் நிற்க முடியாது. ஓரமாய் ஒரு பாறையில் உட்கார்ந்து மரக்காலைக் கழற்றி வைத்தேன். வலது காலைத் தண்ணீரில் விட்டேன். அதுவும் இப்போது மரத்துவிட்டது. தண்ணீர் ஓடுவதைக் கண்தான் சொல்லியது. இடது பக்கம் குளிர்ந்தது. பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாய், மடங்கிய சுண்டுவிரல் வரைக்கும், தண்ணீர் ஏறியது.

எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கண் மங்குகிறது, பல் இன்னும் நாலு போய்விட்டது. அந்தக் காலுக்கு வயசு ஐம்பத்திரண்டுதான்.