சீர்வரிசையில் இரண்டு ரோபோக்கள்

அருப்புக்கோட்டையில் அலுமினிய ஜன்னல் பட்டறை நடத்தும் காளீஸ்வரனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பட்டறை வேலை முடிந்ததும் மிச்சத் துண்டுகளை வைத்து நாலு காலில் நடக்கும் சின்ன ரோபோ செய்வான். அக்கா ரேணுகாதேவியின் மகள் கிருஷ்ணப்ரியா அதைப் பார்ப்பதற்கென்றே மாமா வீட்டுக்கு ஓடி வருவாள். அவள் சித்தப்பா உதயகுமார் எம்.ரெட்டியபட்டி வீட்டில் த்ரீடி பிரிண்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, பிளாஸ்டிக்கில் ரோபோ செய்யத் தொடங்கியதும் அவள் வரத்து நின்றுபோனது.

"ஒங்கது நடக்கும் மாமா. சித்தப்பாது துள்ளும்" என்றாள் போனில். காளீஸ்வரனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நரிக்குடிப் பக்கம் இருக்கிற குலதெய்வக் கோயிலில் அவளுக்குக் காதுகுத்து என்று முடிவானபோது, மாமாவையும் சித்தப்பாவையும் ஆளுக்கு ஒரு ரோபோ செய்து தரச் சொன்னாள். இந்தச் சின்ன மோட்டாருக்கு அலுமினியக் கால் பாரம், மெல்லிய பிளாஸ்டிக்தான் தோது என்று காளீஸ்வரனுக்கு நன்றாகத் தெரியும். பிளாஸ்டிக் தகடுகூட வாங்கி வைத்திருந்தான். ஆனால் அதில் கை வைத்தபோதெல்லாம் உதயகுமாரின் சிரித்த முகம் வந்து நின்றது. அவன் பின்னால் நாம் போவதா? தகட்டைத் தூக்கிப் பரண்மேல் எறிந்துவிட்டு அலுமினியத்தையே அறுத்தான். ரோபோ பளபளவென்று வந்தது. நடைதான் நிறைமாத எருமை மாதிரி.

விசேஷத்தன்று காலையில் உதயகுமார் தன் ரோபோவைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

"மச்சான், ரெண்டும் சீரோட சேந்தே வரட்டும்னு மதினி சொன்னாக."

"வைய்யி மாப்ள."

அவன் போனதும் காளீஸ்வரன் பெட்டியைப் பிரித்து ரோபோவை வெளியே எடுத்தான். சீர் என்றால் ஊர் பார்க்கத்தானே? தட்டுகளோடு இரண்டு ரோபோக்களையும் திறந்த குட்டியானை வண்டியில் வரிசையாக வைத்தான். அந்தப் பிளாஸ்டிக் வெயிலில் இளகும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தான். திருச்சுழி தாண்டும்போது வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது.

கோயில் வாசலில் வண்டி நின்றதும் கிருஷ்ணப்ரியா பாய்ந்து வந்தாள். உதயகுமாரின் ரோபோ நாலு காலும் வளைந்து தட்டில் படுத்துக் கிடந்தது. காளீஸ்வரன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தன்னுடையதை எடுத்து நீட்டினான். காய்த்துப்போன அவன் கைக்குச் சூடு தெரியவில்லை. வாங்கிய பிள்ளை வீலென்று அலறிக் கீழே போட்டாள். விரல்கள் சிவந்திருந்தன.

"ஏண்டா, ஒனக்குக் கூறு இருக்கா?" என்று அக்கா எல்லார் முன்னாலும் வைதாள்.

உதயகுமார் பிள்ளையின் விரலை ஊதிக்கொண்டே, "எந் தப்புதான் மச்சான். வெயில்ல வைக்கக் கூடாதுன்னு நாஞ்சொல்லிருக்கணும்" என்றான். வைதிருந்தாலாவது பொறுத்திருக்கலாம்.

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்காரமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தாள். கால் வளைந்த ரோபோவை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"மாமா, ஒங்க ரோபோ காலக் கழட்டி இதுக்குப் போடுங்க. அப்பத்தான் ஒக்காருவேன்."

"காது குத்தட்டும்த்தா, அப்புறம் போடுறேன்."

"இப்பவே!"

கூட்டம் சிரித்தது. "போடுமய்யா, நல்ல நேரம் போகுதுல்ல" என்றார் ஆசாரி.

இரண்டிலும் ஒரே மோட்டார்தான். காளீஸ்வரன் வண்டியிலிருந்த திருப்புளியை எடுத்துவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து, தன் ரோபோவின் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மற்றதில் முடுக்கினான். ஒரு வாரம் உட்கார்ந்து அரத்தால் ராவி ராவி வழுவழுப்பாக்கிய கால்கள். பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்தாள். குத்தும்போது அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் அவனுடைய பிள்ளையாக இருந்தாள்.

அழுகை ஓய்ந்ததும் இறங்கி ரோபோவைத் தரையில் விட்டாள். அது அலுமினியக் காலை ஊன்றி ஆடி ஆடி நடந்தது.

"சித்தப்பா! இங்க பாருங்க, ஒங்க ரோபோ நடக்குது!"

உதயகுமார் ஓடி வந்து அவளைத் தூக்கிச் சுற்றினான். காளீஸ்வரன் கையில் திருப்புளியும் மடியில் காலில்லாத தன் ரோபோவுமாகச் சாமி சன்னதியில் உட்கார்ந்திருந்தான். நடந்துபோகிற அந்த ரோபோ தடுக்கி ஒரு தரமாவது விழாதா என்றுதான் அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தான்.